கடிகாரக்காரன்தான் கொன்னான்

பிப்ரவரி 9

அண்ணா,

உறையைப் பிரிக்கும்போதே "இவளுக்கு என்ன வேண்டுமாம்?" என்று கேட்டிருப்பாய். எனக்கு ஒன்று வேண்டும்தான்.

ஏப்ரல் கடைசியில் நானும் அவரும் மகளிடம் போகிறோம். பார்த்துவிட்டுத் திரும்புவதற்கு இல்லை, அங்கேயே இருப்பதற்கு. டிரைவிங் ஸ்கூலை அவருடைய தம்பி எடுத்துக்கொள்கிறார். நானும் பல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். முன்னறையில் எனக்குப் பதிலாக உட்கார ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். கடல் தாண்டிப் போனால், நம் வயதில், திரும்பி வருவது நம் கையில் இல்லை.

போவதற்கு முன்னால் நீ ஒருமுறை என் வீட்டுப் படியேற வேண்டும். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இருந்தேன். நேற்று பேருந்து நிறுத்தத்தில் ஒரு சுவரொட்டி பார்த்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் நீ மூடிவிட்டு எழுந்து போனாயே, அந்தத் துப்பறியும் கதை படமாக வருகிறதாம். ஏப்ரல் முதல் வாரம்.

மூன்று பேரும் போவோம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் தியேட்டர் நடந்தே போகும் தூரம். நடுவில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நீங்கள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை.

உன் தங்கை

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.


பிப்ரவரி 15

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீ எழுதியது போலத்தான் இருந்தது. இரண்டாம் முறை, "நடந்தே போகும் தூரம்" என்ற இடத்தில் எனக்கு இடறியது. நீ என்றைக்குத் தூரம் சொல்லி ஆளைக் கூப்பிட்டிருக்கிறாய்? அது வண்டி ஓட்டுகிறவர் பேச்சு. உன் பின்னால் நின்று அவர் சொல்லிக்கொடுத்தாரா? கடைசி வரியில் "அவரிடம் சொல்லவில்லை" என்று கேட்காமலே எழுதியிருக்கிறாய். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். பூட்டின வீட்டுக்கு ஒரு காவல் ஆள் வேண்டும். சாவியை என் தலையில் கட்டுவதற்கு இந்தப் படம் சாக்கு என்றால் இப்போதே சொல்லிவிடு. இரண்டு பேருக்கும் தபால் செலவு மிச்சம்.

படத்தைப் பற்றி. புத்தகம் படிக்காமல் நான் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டேன். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுகிறவன், வயிறு நிறைந்த பிறகு பசியைத் தேடுகிறவன். படிக்கும்போது, கதையில் கொலையாகும் கேப்டனுக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். படம் எடுக்கிறவன் வேறொரு முகத்தைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டிவிடுவான். பிறகு என்னுடையது போனது போனதுதான்.

ஆனால் அந்தப் புத்தகத்தை என்னால் படிக்க முடியாமல் போனதற்கு யார் காரணம்? நீ மறந்திருக்கலாம். எனக்கு மறதி கிடையாது. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும். ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டது லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில், மோட்டார் அறையில். மொட்டைமாடிக்கு மேலே ஒரு தகர அறை, கிரீஸ் வாடை. மோட்டார் ஓடினால் புத்தகம் கையில் அதிரும், எழுத்து ஓடும். லிஃப்ட் நிற்கும்போது நாலு வரி, மறுபடி நிற்கும்போது நாலு வரி. அப்படிப் படித்து முக்கால் பங்கு தாண்டியிருந்தேன். கேப்டனைக் கொன்றது தம்பியா, வக்கீலா, நர்ஸா என்று வேலையில்கூட அதே நினைப்பு. உன் வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தபோதும் புத்தகம் கையில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் உன் வீட்டுக்காரர் சொன்னார்:

"என்ன மச்சான், இன்னுமா இதை உருட்டிட்டு இருக்கீங்க? கடிகாரக்காரன்தான் கொன்னான். போய் நிம்மதியாத் தூங்குங்க."

மேசையே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

மறுநாள் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். முடிவு தெரிந்த பிறகு அதில் எனக்கு என்ன வேலை? உன் வீட்டிலும் என்ன வேலை?

அண்ணன்


பிப்ரவரி 21

அண்ணா,

சாவிக்கு ஆள் வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. ஒரு கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும் வருகிறார்கள். ஆக உன் முதல் துப்பு புஸ்ஸென்று போயிற்று. "நடந்தே போகும் தூரம்" என்று எழுதியது நான்தான். முட்டிவலிக்காரி வேறு எதைச் சொல்லிக் கூப்பிடுவாள்?

சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் சிரிக்கும்போது எனக்கும் வந்துவிடும். நீ தட்டில் கை கழுவிவிட்டு எழுந்ததும் நின்றுவிட்டது. அதற்கப்புறம் உன்னை எங்கெல்லாம் பார்த்திருக்கிறேன் என்று நேற்று யோசித்தேன். மருத்துவமனை வராந்தாவில், இடுகாட்டில், ஒரு முறை ரயிலடியில். மகள் கல்யாணத்தில் மண்டப வாசலிலேயே நின்று அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அவள் இன்னும் கேட்கிறாள், "மாமாவுக்கு நம்ம வீட்டு நாற்காலி ஆகாதாம்மா?" என்று. நான் என்ன பதில் சொல்வது, ஒரு கடிகாரக்காரனால் என்றா?

அவரிடம் இப்போது சொல்லிவிட்டேன். செய்தித்தாளை இறக்காமலே பேசினார்.

"வரட்டுமே. நானா வேணாம்னேன்? அவரு இன்னும் அந்தப் புத்தகத்தையா பிடிச்சிட்டுத் தொங்குறாரு?"

"நீங்கதானே முடிவைச் சொல்லிக் கெடுத்தீங்க."

"நல்ல புத்தகம்டி அது. நான் ஒரே மூச்சுல உக்காந்து படிச்சு முடிச்சேன். உங்க அண்ணன் மாதிரி வருஷக்கணக்கா இழுக்கல."

எனக்கு இந்தப் படிப்பெல்லாம் ஒத்துவராது, உனக்குத் தெரியும். முடிவு தெரிந்தால்தான் நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படத்தில் வீடு, உடை, திரைச்சீலை எல்லாம் பார்ப்பேன். நீ அப்படி இல்லை. அதனால் புத்தகம் வாங்கித் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். படம் வருவதால் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். படி. முதலில் இருந்தே படி. படித்துவிட்டு வா.

தங்கை


மார்ச் 2

தங்கைக்கு,

பார்சல் வந்தது. உள்ளே புத்தகம் தவிர வேறு ஏதாவது வைத்திருக்கிறாயா என்று உதறிப் பார்த்தேன். இல்லை.

அட்டையில் படத்து ஆட்கள் நிற்கிறார்கள் என்று ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. யார் முன்னால் நிற்கிறார், யார் இருட்டில் நிற்கிறார் என்று பார்த்தாலே பாதிக் கதை போய்விடும். கண்ணை மூடிக்கொண்டு, கீழ்த்தள தையல்காரரிடம் எடுத்துப் போய், "இதுக்கு ஒரு பழுப்புக் காகிதம் சுத்திக் கொடுங்க" என்றேன். அவர் அட்டையைப் பார்த்ததும், "அட, இந்தக் கதையா? இதுல கடைசியில..." என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன். அவர் கடையில் துணி தைக்க வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இதற்குத்தான் உன்னிடம் போனில் பேச மாட்டேன் என்கிறேன். கடிதத்தைப் பாதியில் மடித்துவிடலாம். காதில் விழுந்ததை எடுத்து வெளியே போட முடியாது.

பக்கம் பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தேன். பென்சில் கோடு ஏதும் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில், நர்ஸ் மாடிப்படி இறங்குகிற இடத்தில், ஒரு கறை இருக்கிறது. யார் போட்டது? ஏன் அந்தப் பக்கத்தில்?

முதலில் இருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஏரிக்கரை வீடு. கப்பல் வேலையை விட்டு வந்த கேப்டன். வீடு நிறையக் கடிகாரங்கள். வாரம் ஒருமுறை அவற்றுக்குச் சாவி கொடுக்க வரும் கடிகாரக்காரர். அந்த மனிதர் உள்ளே வரும்போதெல்லாம் எனக்கு உன் சாப்பாட்டு மேசைச் சிரிப்பு கேட்கிறது. இருந்தாலும் விடாமல் படிக்கிறேன்.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்துகிறது. "ஒரே மூச்சுல படிச்சு முடிச்சேன்." உன் வீட்டுக்காரர் மருந்துப் புட்டியில் ஒட்டிய காகிதத்தைக்கூட உன்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறவர். இந்தப் புத்தகமோ செங்கல் கனம்.

நீ ஒன்று செய். அவர் வேறு ஏதாவது வேலையில் இருக்கும்போது, போகிற போக்கில் கேட்பது போல, "முதல் அத்தியாயத்தில் கேப்டன் வளர்க்கும் கிளி என்ன சொல்லும்?" என்று கேள். அவர் சொல்வதை அப்படியே எழுது. ஏன் என்று கேட்காதே. நான் சொன்னேன் என்றும் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 7

அண்ணா,

கறை என் தேநீர். பார்சல் கட்டும்போது கொட்டினேன். நர்ஸ் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

கிளி விஷயம். நேற்று அவர் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க, அந்தக் கதையில கேப்டன் ஒரு கிளி வளர்ப்பாரே, அது என்னங்க சொல்லும்?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "அதுவா? வர்றவன் போறவனை எல்லாம் 'யாருடா நீ, யாருடா நீ'ன்னு கேக்கும். பச்சைக் கிளி. கேப்டன் செத்ததும் அது மட்டும் கூண்டுக்குள்ள 'யாருடா நீ, யாருடா நீ'ன்னு கத்திட்டே கிடக்கும் பாரு, அந்த இடம் படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

கிளி மாதிரியே தலையைச் சாய்த்துச் செய்து காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவர் ஒரு நல்ல கதையைச் சொல்லிவிட்ட திருப்தியில் மறு காலுக்குப் போனார்.

இதை வைத்து நீ என்ன கண்டுபிடிக்கப் போகிறாய் என்று தெரியவில்லை. சீக்கிரம் படித்து முடி. பெட்டிகள் வாங்கியாகிவிட்டது. ஒரு பெட்டி கூடத்திலேயே திறந்து கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நடக்கிறோம்.

தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

கேப்டன் வீட்டில் கிளி கிடையாது. முதல் அத்தியாயத்தில் கிடையாது, பத்தாவதில் கிடையாது, நான் நிறுத்திய இடம் வரைக்கும் எங்கேயும் கிடையாது. நாய் கிடையாது, பூனை கிடையாது. சத்தம் போடுகிற எதையும் கேப்டன் உள்ளே விட மாட்டார், கடிகாரம் தவிர. அது முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது.

உன் வீட்டுக்காரர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை.

அண்ணன்


மார்ச் 16

அண்ணா,

உன் கடிதத்தை அவர் முன்னால் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது... என் புத்தகத்துல கிளி இருந்துச்சு. இப்ப புதுசா அச்சடிச்சவன் எடுத்திருப்பான்."

"கிளியை எடுத்துட்டாங்களா?"

"இடம் பத்தாதுன்னு சுருக்குவாங்கடி. உனக்குத் தெரியாது."

எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டரிடம் இத்தனை வருடம் இருந்ததில் ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களிடம் பேசக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

கடைசியில் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் நீ கை கழுவப் போயிருந்தபோது, நீ அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாராம். கண்ணில் முதலில் பட்டது கடிகாரக்காரர். வந்தவர்கள் எல்லாம் உன்னைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார்களாம், வீடு அவருடையது, பேச்சு உன்னுடையது. "ஒரு தமாஷுக்குச் சொன்னேன்டி. உங்க அண்ணன் அப்பவே 'அப்படி இல்லை மாப்ளே'ன்னு அடுத்த பக்கத்தைப் புரட்டுவாருன்னு நினைச்சேன். எந்திரிச்சுப் போவாருன்னு யாரு கண்டா?"

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. உனக்கும் எழுத மனம் வரவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன், கேட்டுக்கொள். அவர் படிக்காமல் சொன்னார். நீ படிக்காமல் நம்பினாய். ஒருவன் சொன்னது உண்மையா என்று பார்க்க உனக்கு இன்னும் கால் பங்குப் பக்கம் கையில் இருந்தது. நீ புரட்டவில்லை. நடுவில் நான் இருந்தேன், இத்தனை வருடம். என்னை யாரும் கேட்கவில்லை.

இப்போது அவர் ஒரு பேச்சு வைத்திருக்கிறார். அவர் வாயில் வந்தபடியே எழுதுகிறேன்: "நான் அன்னைக்குச் சொன்னது சரியா இருந்தா, தெரிஞ்சோ தெரியாமலோ அவரு கதையை நான் கெடுத்தேன், மன்னிப்பு நான் கேக்கறேன். தப்பா இருந்தா, சும்மா கோவிச்சுக்கிட்டுப் போனவரு அவரு. வீடேறி வந்து அவருதான் கேக்கணும்."

புத்தகம் உன்னிடம் இருக்கிறது. முடித்துவிட்டு எழுது.

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

இந்தப் பேச்சை அவர் சும்மா வைக்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் அத்தனை பேரில் ஒருவன்தான் கொலைகாரன். குருட்டடியாகச் சொன்னது சரியாக இருக்க எத்தனை வழி, தப்பாக இருக்க எத்தனை வழி என்று அவருக்குத் தெரியும். வண்டி விற்கிறவன் பேரம் போல இருக்கிறது. நான் இதில் சேரவில்லை.

பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு அடையாளம் வைத்திருந்த அதே இடம். கடிகாரக்காரர் கூடத்துப் பெரிய கடிகாரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வக்கீலிடம் கேப்டனைப் பற்றிப் பேசுகிறார். நல்லபடியாகத்தான் பேசுகிறார். அதற்கு மேல் போகவில்லை.

காலையில் எடுக்கிறேன், வைக்கிறேன். கடிகாரக்காரர் இல்லை என்று வந்துவிட்டால், இல்லாத ஒன்றுக்காக நான் அந்த மண்டப வாசலில் நின்றேன் என்று ஆகும். நீ எழுதிய "புரட்டவில்லை" என்ற சொல் சரியான சொல். அதை எழுதியிருக்க வேண்டாம்.

என்னை எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் இருவரும் படத்துக்குப் போய் வாருங்கள்.

அண்ணன்


மார்ச் 26

அண்ணா,

நான் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். ஞாயிறு பகல் காட்சி. நீ வராவிட்டால் நடு நாற்காலி காலியாக இருக்கும். நான் ஓரத்தில் உட்காருவேன்.

இங்கே நடக்கும் கூத்தைக் கேள். அவர் தனக்கென்று ஒரு புத்தகம் வாங்கி வந்துவிட்டார். "கிளி இருக்கான்னு பாக்கறேன்" என்றுதான் ஆரம்பித்தார். இப்போது சாப்பாட்டு மேசையில் புத்தகம், குளியலறை வாசலில் புத்தகம். பாடம் சொல்லிக்கொடுக்கிற வண்டியிலும் அதே. போன வாரம் ஒரு அம்மாளிடம் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கச் சொல்லிவிட்டுப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாள் எடுத்துக்கொண்டே போய் ஒரு மதில் சுவரை மெதுவாகத் தொட்டுவிட்டு, "சார், இன்னும் போகணுமா?" என்று கேட்டிருக்கிறார். இவர், "இருங்கம்மா, வக்கீல் ஏதோ மறைக்கிறான்" என்றாராம்.

பாதி தாண்டிவிட்டார். உதடு அசைத்துத்தான் படிக்கிறார், நேரம் பிடிக்கிறது. நேற்று தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடிகாரக்காரன் பாவம்டி. கேப்டன்மேல உசுரையே வெச்சிருக்கான். அவனைப் போய் நான் என்ன வார்த்தை சொல்லிட்டேன்."

"அப்ப அவர் இல்லையா?"

"இருக்காது. ஆனா நான் அன்னைக்குச் சொன்னதே இப்ப எனக்குத் தொந்தரவா இருக்கு. அவன் உள்ள வந்தாலே என் கண்ணு அவன் கையைத்தான் பாக்குது. வேற யாரையும் நிம்மதியா சந்தேகப்பட முடியல." புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். "உங்க அண்ணன் முடிச்சிட்டாரா? கேளு, நான் சொன்னது சரியான்னு. வேணாம், கேக்காத. இல்ல, கேளு. சரியா தப்பா அது மட்டும் போதும். தப்புன்னா நான் நிம்மதியாப் படிப்பேன்."

கேட்டுவிட்டேன். நீ அந்தப் பக்கத்தைத் தாண்டுவாயா மாட்டாயா என்பது எனக்குத் தெரியாது. எனக்காகத் தாண்டு என்று ஒரு முறைதான் சொல்வேன். சொல்லிவிட்டேன்.

தங்கை


மார்ச் 31

தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைத் தனியாக இருக்கும்போது படி. இப்போதே பல் டாக்டர் முன்னறையில் உட்கார்ந்திருந்தால் நல்லது. வீட்டில் என்றால் கதவைச் சாத்திக்கொள்.

முடித்துவிட்டேன்.

கடிகாரக்காரர்தான். உனக்கு மட்டும் சொல்கிறேன், தெரியாவிட்டால் நீ தியேட்டரில் நெளிவாய். கேப்டன்மேல் உயிரை வைத்திருந்த அதே ஆள்தான் கொன்றிருக்கிறார். காரணம்கூட அந்த அன்பில்தான் இருக்கிறது. பெரிய எழுத்தாளன், ஒத்துக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரர் குருட்டடியாக ஒரு கல்லை எறிந்தார், அது சரியாகக் காயில் பட்டிருக்கிறது. ஆகவே கோபித்துக்கொண்டு போனது சும்மா இல்லை. அவர் பேச்சுப்படியே, மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர். இத்தனை வருடம் கழித்து, எழுத்தில், என் பக்கம் நியாயம். இந்த வரியை எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்தக் கடைசிக் கால் பங்கை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். எழுதினவன் பக்கத்துக்குப் பக்கம் திரை போட்டிருக்கிறான். வக்கீல் பக்கம் இழுக்கிறான், நர்ஸ் பக்கம் இழுக்கிறான், எவ்வளவு பாடுபட்டிருக்கிறான் தெரியுமா? ஆனால் எனக்குத் திரைக்குக் கீழே ஒரே ஆளுடைய கால் தெரிந்துகொண்டே இருந்தது. இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டே படித்தேன். கடைசியில் திரை விலகினபோது, அங்கே நின்ற ஆள் எனக்குப் பழக்கமாகி வருடக்கணக்காகிவிட்டது. ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, யாருக்கோ வேகவைத்ததை ஆறின பிறகு தின்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் வீட்டுக்காரர் பாதியில் நிற்கிறார். அவர் வாயால் அவரே தன் கதையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். நான் "சரி" என்று ஒரு சொல் எழுதினால் போதும், எனக்கு அவர் செய்ததை நான் அவருக்குச் செய்துவிடலாம். மன்னிப்பும் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அந்தச் சொல்லை எழுதுவதாகத்தான் இருந்தேன்.

எழுத வரவில்லை. அப்படி ஒரு படிப்பு யாருக்கும் வேண்டாம். உதடு அசைத்துப் படிக்கிறவருக்கு வேண்டவே வேண்டாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதெல்லாம் கிடையாது. "சரி" என்றால் "பாத்தியா என் மூளையை" என்று சொல்லிக்கொண்டு திரிவார், அதையும் என்னால் சகிக்க முடியாது. அதனால் அவருக்கு ஒரு சீட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது பொய். அதை நீ நேராக அவர் கையில் கொடு. முகத்தில் எதையும் காட்டாதே. உனக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதனால் கொடுத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

கடைசி அத்தியாயத்தில் அவருக்கே எல்லாம் தெரிந்துவிடும். கடிகாரக்காரர் யார், சீட்டு எழுதினவன் ஏன் அப்படி எழுதினான், இரண்டும் ஒரே பக்கத்தில் தெரியும். அந்த நேரத்தில் நான் உன் கூடத்தில், அவருக்கு எதிர் நாற்காலியில் இருக்க வேண்டும். அவர் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டும். அதற்குத்தான் வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. சனிக்கிழமை காலை வண்டி. ரயிலடிக்கு யாரும் வர வேண்டாம்.

அண்ணன்


(உள்ளே மடித்து வைத்த சீட்டு)

மாப்பிள்ளைக்கு,

நீங்கள் அன்று சொன்னது தப்பு. கடிகாரக்காரர் இல்லை. கவலைப்படாமல் மற்றவர்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டு படியுங்கள்.

ஆகவே நம் பேச்சுப்படி மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். சனிக்கிழமை வீடேறி வருகிறேன். கடைசி அத்தியாயத்தை மட்டும் நான் வந்து உட்கார்ந்த பிறகு படியுங்கள்.

மச்சான்